விழிப்புணர்வு இல்லாதது யாருக்கு?

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் க்ளாட் எனும் சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வின் முடிவுகள் வந்ததும் ஒரு கேள்வி எழும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஏன் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது? அதற்கு ஒரே பதில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது: “விழிப்புணர்வு இல்லை.” நாளிதழ்களின் கல்வி இணைப்புகள் இதை எழுதுகின்றன. பயிற்சி மையம் நடத்துபவர்கள் இதைச் சொல்கிறார்கள். அங்கே படித்துத் திரும்பிய, நல்லெண்ணம் குறையாத இளம் வழக்கறிஞர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இந்தப் பதில் தவறு என்பது என் உறுதியான கருத்து. தவறு மட்டுமல்ல, வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளையின் மேலேயே பழியைப் போடும் பதிலும்கூட.

அவர்களுடைய வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துக்கொள்வோம். தேர்வு எல்லோருக்கும் பொது. பிளஸ் டூவில் 45 சதவீதம் எடுத்தால் போதும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 40 போதும். வயது வரம்பு கிடையாது. பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம். விண்ணப்பம் முழுக்க ஆன்லைனில். எங்கேயும் போய் வரிசையில் நிற்க வேண்டாம். அவகாசமும் சுமார் மூன்று மாதம். கடைசித் தேதி நெருங்கினால் ஒரு வாரம் நீட்டித்தும் தருகிறார்கள். இத்தனையும் இருந்து ஒருவர் விண்ணப்பிக்கவில்லை என்றால் அது அவருடைய கவனக்குறைவு அல்லது விருப்பமின்மை. விண்ணப்பம் என்பது நடைமுறை; தகுதியைச் சோதிப்பது தேர்வு. இதுதான் அந்த வாதம். ஒவ்வொரு வரியும் தனித்தனியே உண்மை. ஆனால் எல்லா வரிகளையும் சேர்த்து வரவழைக்கும் முடிவு உண்மையில்லை. விண்ணப்பத்தின் தேதியும் கட்டணமும் தேர்வு நாளும் சேர்ந்து, முதல் கேள்வியைப் படிக்கும் முன்பே ஒரு பெரிய வடிகட்டலை முடித்துவிடுகின்றன. அந்த வடிகட்டலில் போனவர்கள் எந்தத் தரவரிசையிலும் தெரிய மாட்டார்கள்.

‘விண்ணப்பம் வெறும் நடைமுறைதானே’ என்பவர்கள் க்ளாட் எப்படிப் பிறந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு சட்டப் பல்கலைக்கழகமும் தனித்தனியே நுழைவுத் தேர்வு நடத்தியது. தனித்தனி விண்ணப்பம், தனித்தனி கட்டணம், தனித்தனி ஊர். தேதிகள் ஒன்றோடொன்று மோதின. 2006-ல் இந்தச் சிரமத்தை உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்காகக் கொண்டுபோனார்கள். அதன் விளைவாக ஏழு பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி 2008 மே மாதம் முதல் க்ளாட் தேர்வை நடத்தின. வினாத்தாளில் இருந்த குறைக்காக இந்தத் தேர்வு உருவாகவில்லை. விண்ணப்பிப்பதும் தேதி ஒத்துவருவதுமே ஒரு பிள்ளையின் வாய்ப்பைத் தீர்மானிக்கின்றன என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டதால் உருவானது. அப்படிப் பிறந்த தேர்வை நடத்துபவர்களும் அதைப் போற்றுபவர்களும் இன்று அதே விஷயத்தை அற்பமானது என்று ஒதுக்க முடியாது.

முதலில் தேதியைப் பார்ப்போம். இதில்தான் பெரிய அநீதி இருக்கிறது. இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

2008 முதல் 2019 வரை க்ளாட் மே மாதத்தில் நடந்தது. பிளஸ் டூ பொதுத் தேர்வு முடிந்து, மூச்சு விட்டு, அடுத்து என்ன படிப்பது என்று ஒரு பிள்ளை யோசிக்கும் மாதம் அது. கொரோனா காலத்தில் தேதிகள் குலைந்தன: 2020-ல் செப்டம்பர் 28, 2021-ல் ஜூலை 23. அதைச் சரிசெய்வதாகச் சொல்லி 2022-ல் ஒரே ஆண்டில் இரண்டு தேர்வுகள் நடத்தினார்கள். ஜூன் 19 ஒன்று. அடுத்த கல்வியாண்டுக்கானது டிசம்பர் 18. அன்று முதல் க்ளாட் டிசம்பர் தேர்வாகிவிட்டது. சேர்க்கை முன்கூட்டியே முடிந்தால் வகுப்புகள் உரிய நேரத்தில் தொடங்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு அது வசதிதான், மறுக்கவில்லை. பிள்ளைக்கு என்ன ஆனது?

தமிழ்நாட்டில் ஒரு பிளஸ் டூ மாணவியின் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் பள்ளி திறக்கிறது. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. டிசம்பர் நடுவில் அரையாண்டு. ஜனவரி, பிப்ரவரியில் திருப்புதல் தேர்வுகள், செய்முறைத் தேர்வு. மார்ச்சில் பொதுத் தேர்வு. மே மாதம் முடிவு. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் ‘அடுத்து என்ன?’ என்ற பேச்சு அந்த முடிவோடுதான் தொடங்குகிறது. மாநில அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் நடக்கும் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சியும் பொதுத் தேர்வு முடிந்த கோடையில்தான் நடக்கிறது. அங்கே ஒரு பேராசிரியர் மேடையேறி, “சட்டமும் படிக்கலாம்மா, ஐந்து வருஷப் படிப்பு, நல்ல எதிர்காலம் இருக்கு” என்று சொல்லும்போது, அந்த ஆண்டுக்கான க்ளாட் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருக்கும். 2026 சேர்க்கைக்கான விண்ணப்பம் 2025 ஆகஸ்ட் 1-ல் திறந்து, அக்டோபர் 31 வரை என்று அறிவிக்கப்பட்டது. அதாவது பிளஸ் டூ வகுப்பில் உட்கார்ந்து ஐந்தே மாதத்தில் ஒரு பதினேழு வயதுப் பிள்ளை தன் தொழிலைத் தீர்மானித்திருக்க வேண்டும். தீர்மானித்து, அதற்குப் பணமும் கட்டியிருக்க வேண்டும்.

அந்த வயதில் அப்படித் தீர்மானிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். யார் அவர்கள்? வீட்டில் வழக்கறிஞரோ, அதிகாரியோ, இந்தப் பல்கலைக்கழகங்களின் பெயர் தெரிந்த ஒருவரோ இருக்கும் பிள்ளைகள். பதினோராம் வகுப்பிலேயே இரண்டாண்டுப் பயிற்சியில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள். டிசம்பர் தேதி அவர்களுக்குத் தொந்தரவே இல்லை. ‘நுழைவுத் தேர்வை முடித்துவிட்டுப் பொதுத் தேர்வுக்கு நிம்மதியாகப் படிக்கலாம்’ என்று வரவேற்கவும் செய்வார்கள். ஒரு தேதி ஒரு வீட்டுக்கு நிம்மதியாகவும் இன்னொரு வீட்டுக்கு மூடிய கதவாகவும் இருந்தால் அதைப் பொதுவான தேதி என்று சொல்வது நியாயமா?

இங்கேயே, நம் மாநிலத்திலேயே, மாற்று ஏற்பாடு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் அதன் கீழுள்ள அரசு சட்டக் கல்லூரிகளும் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே வைப்பதில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கிறார்கள். விண்ணப்பம் பொதுத் தேர்வு முடிவை ஒட்டிய கோடையில் திறக்கிறது. கட்டணம் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் ரூபாய் வரை. கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள், முதல் தலைமுறைப் பட்டதாரிகள், கிராமத்துப் பிள்ளைகள் என்று அந்தக் கல்லூரிகளின் வகுப்பறைகள் நிறைந்திருக்கின்றன. அதே தமிழ்நாடு, அதே பள்ளிகள், அதே பிள்ளைகள். இவர்களுக்குச் சட்டம் படிக்கும் ஆசையும் விழிப்புணர்வும் இல்லை என்றால் இந்த வகுப்பறைகளை நிரப்பியவர்கள் யார்? மே மாதத்தில் இருக்கும் விழிப்புணர்வு அக்டோபரில் எங்கே போகிறது? விண்ணப்ப அறிவிப்பு எந்தக் காலத்தில், எந்த மொழியில், என்ன விலையில் வருகிறது என்பதைப் பொறுத்தே விழிப்புணர்வு வருகிறது.

டிசம்பரைப் பற்றி இன்னும் ஒன்று. சோழமண்டலக் கரையில் வாழ்பவர்களுக்கு நவம்பரும் டிசம்பரும் என்ன மாதங்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 சேர்க்கைக்கான க்ளாட் நடந்த நாள் 2023 டிசம்பர் 3. அன்று மிக்ஜாம் புயல் சென்னையை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றிரவும் மறுநாளும் பெய்த மழையில் நகரமே மூழ்கியது. அடுத்த ஆண்டு தேர்வு 2024 டிசம்பர் 1. அதற்கு முந்தைய இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரமும் கடலூரும் திருவண்ணாமலையும் வெள்ளத்தில் தத்தளித்த ஞாயிற்றுக்கிழமை அது. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள். புயலுக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. தேர்வு நாளன்று யார் என்ன செய்தார்கள் என்பதும் என் கேள்வி இல்லை. பல மாதங்களுக்கு முன்பே, மேசையில் நாட்காட்டியை விரித்துவைத்துத் தேதி குறித்தபோது, வடகிழக்குப் பருவமழையின் உச்சத்தில் ஒரு கடற்கரை மாநிலத்துக்கு நாள் குறிக்கிறோம் என்று அந்த அறையில் ஒருவராவது எடுத்துச் சொன்னாரா என்பதே என் கேள்வி. தேர்வு ஆண்டுக்கு ஒரே முறை, ஒரே ஞாயிறு, பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணி. மையங்களோ சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற நகரங்களில். வேதாரண்யத்துப் பிள்ளை ஒருத்தி திருச்சிக்கு வந்து எழுத வேண்டுமென்றால் விடியலில் கிளம்ப வேண்டும். துணைக்கு ஒருவர் வர வேண்டும். நான்கு மணிக்கு வெளியே வந்து பேருந்து பிடித்தால் வீடு சேர நள்ளிரவாகும். மழை வெறித்திருக்கும் நாளிலேயே இந்த நிலை.

கட்டணத்துக்கு வருகிறேன். அண்மை ஆண்டுகளில் க்ளாட் விண்ணப்பக் கட்டணம் 4,000 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு 3,500. சலுகை 500 ரூபாய். பிற்படுத்தப்பட்டோருக்கு அந்தச் சலுகையும் கிடையாது. முழுத் தொகையையும் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு மட்டும் 50 சதவீத இடங்களை ஒதுக்கிவைத்திருக்கிறோம் என்பதை நினைத்தால், இந்தக் கட்டண அட்டவணை யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது விளங்கும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-க்குத் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட தினக் கூலி 336 ரூபாய். முழுக் கூலியும் கைக்கு வந்தாலும், ஒரு தாய் பத்து நாளுக்கு மேல் வேலை செய்தால்தான் சலுகைக் கட்டணத்தையே கட்ட முடியும். முழுக் கட்டணத்துக்கு ஏறத்தாழ 12 நாள். அதுவும் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத ஓர் இடத்துக்காக. கட்டினால் திரும்பி வராத பணமாக.

நீட் தேர்வோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நீட்டை நான் ஆதரிப்பவன் இல்லை. ஆனால் எண்கள் பேசட்டும். 2025-ல் நீட் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,700, பிற்படுத்தப்பட்டோருக்கு 1,600, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 1,000. பெரும்பாலான மாவட்டங்களில் மையங்கள், தமிழ் உட்பட 13 மொழிகளில் வினாத்தாள். க்ளாட் ஆங்கிலத்தில் மட்டும், தாளில் குறிக்கும் இரண்டு மணி நேரத் தேர்வு, 120 கேள்விகள். இதற்கு ஏன் நீட்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல்? ‘எழுதுபவர்கள் எண்ணிக்கை குறைவு, அதனால் தலைக்கு ஆகும் செலவு அதிகம்’ என்பார்கள். எண்ணிக்கை ஏன் குறைவு என்பதற்குக் கட்டணமே ஒரு காரணமாக இருக்கும்போது, அந்தக் குறைவையே கட்டணத்துக்குக் காரணமாகக் காட்டினால் அந்த வட்டத்திலிருந்து வெளியே வர வழியே இல்லை. இந்தப் பல்கலைக்கழகங்கள் தனியார் நிறுவனங்கள் அல்ல. மாநிலச் சட்டமன்றங்கள் இயற்றிய சட்டங்களால் உருவானவை. பொது நிலத்தில், பொதுப் பணத்தின் உதவியோடு எழுந்தவை. சட்டமன்றம் திறந்துவைத்த கதவுக்கு, அந்தப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட ஒரு கூட்டமைப்பு நுழைவு விலை வைக்கிறது.

‘4,000 ரூபாய் கட்ட முடியாதவர் ஆண்டுக்கு இரண்டு மூன்று லட்சம் கட்டணத்தை எப்படிக் கட்டுவார்?’ இந்த எதிர்க்கேள்வியைப் பலர் எழுப்பக் கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் இடம் கிடைத்த பிள்ளைக்கு உதவி கிடைக்கும். வங்கி கல்விக் கடன் தரும், சேர்க்கைக் கடிதத்தைப் பார்த்து. உதவித்தொகை வரும், சேர்ந்த பிறகு. ஊரில் ஒரு பெரியவர், ஒரு சங்கம், ஓர் ஆசிரியர் முன்வருவார், “தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துல இடம் கிடைச்சிருக்கு” என்ற செய்தி கேட்டு. விண்ணப்பத்துக்கு எந்த வங்கியும் கடன் தருவதில்லை. முயற்சிக்கு யாரும் உதவித்தொகை தருவதில்லை. பெரிய தொகைக்கு வழி இருக்கிறது. சிறிய தொகைக்குத்தான் வழியில்லை. எனவேதான் நுழைவாயிலில் வைக்கும் கட்டணம் படிப்புக் கட்டணத்தைவிடக் கொடியது.

நுழைவாயில் அங்கேயே முடிவதுமில்லை. தேர்வில் தேறி கலந்தாய்வுக்கு அழைப்பு வந்தால், பதிவு செய்யவே பொதுப் பிரிவினர் 30,000 ரூபாய், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்ற முறை அண்மை ஆண்டுகளில் இருந்திருக்கிறது. பின்னால் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள், உண்மை. ஆனால் டிசம்பரில், முடிவு வந்த சில நாட்களுக்குள், ஒரு குடும்பம் அந்தத் தொகையை ரொக்கமாகப் புரட்ட வேண்டும். பிள்ளை இன்னும் பிளஸ் டூ பொதுத் தேர்வே எழுதவில்லை. கம்மலை அடகு வைத்துக் கட்டும் குடும்பம் ஒன்று கட்டும். பத்துக் குடும்பம், “வேண்டாம் கண்ணு, மெட்ராஸ் காலேஜுக்கே போட்டுக்கலாம்” என்று சொல்லிவிடும். அந்தப் பத்துப் பேரையும் ‘விருப்பம் இல்லாதவர்கள்’ கணக்கில்தான் சேர்க்கிறோம்.

விண்ணப்பப் படிவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கைபேசி எண், மின்னஞ்சல், ஓடிபி, சொன்ன அளவுக்குள் புகைப்படம், கையெழுத்து, சான்றிதழ்கள், ஆன்லைனில் பணம். நகரத்துப் பிள்ளைக்கு அரை மணி நேர வேலை. இ-சேவை மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ உட்கார்ந்து நிரப்பும் பிள்ளைக்கு, மின்னஞ்சல் முகவரியே அன்றைக்குக் கடைக்காரர் உருவாக்கித் தருவது. அதன் கடவுச்சொல் அவரிடமே தங்கிவிடுவதும் உண்டு. பிறகு நுழைவுச் சீட்டு வந்த செய்தி யாருக்குப் போகும்? சாதிச் சான்றிதழிலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. நம் பிள்ளைகளின் கையில் இருப்பது மாநில அரசின் நிரந்தரச் சாதிச் சான்றிதழ். பிற்படுத்தப்பட்டோருக்கான மத்திய வடிவச் சான்றிதழ் வேறு. வருமானம் பார்த்துத் தருவது, புதுப்பிக்க வேண்டியது. எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எது செல்லும் என்பதை ஆங்கிலத்தில் நீளும் அறிவிப்புகளைப் படித்துப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மனு மேலே போய் இறங்கிவர வாரங்கள் ஆகும். இதில் எந்தத் திறமை சோதிக்கப்படுகிறது?

இதெல்லாம் மிகைப்படுத்தல் என்று தோன்றினால், நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் இதே கேள்விக்கு ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது என்பதை நினைவூட்டுகிறேன். 2020 செப்டம்பர் தொடக்கத்தில் பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி, தள்ளித் தள்ளிப் போன க்ளாட்டுக்காகக் காத்திருக்க முடியாது என்று சொல்லி, ‘என்லாட்’ என்ற பெயரில் தனித் தேர்வு ஒன்றை அறிவித்தது. வீட்டிலிருந்தே கணினியில் எழுத வேண்டிய தேர்வு. அறிவிப்புக்கும் தேர்வுக்கும் இடையே பத்து நாள்கூட இல்லை. தேர்வு செப்டம்பர் 12. அந்தச் சட்டப் பள்ளியின் முன்னாள் துணைவேந்தர் ஒருவரும் ஒரு பெற்றோரும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். செப்டம்பர் 21 அன்று நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான மூவர் அமர்வு அந்தத் தேர்வை ரத்து செய்தது. தேர்வின் நேர்மையைப் பற்றிய ஐயம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். குறுகிய கால அறிவிப்பும் தொழில்நுட்ப நிபந்தனைகளும் ஏராளமான மாணவர்களின் பங்கேற்பைப் பறித்தன. அது அரசமைப்பின் 14-ஆவது பிரிவு தரும் சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று நீதிமன்றம் சொன்னது. ‘தெரிந்துகொள்ளாதது மாணவர்களின் குற்றம், விழிப்புணர்வு போதவில்லை’ என்று அங்கே யாரும் தீர்ப்பு எழுதவில்லை. விண்ணப்பிக்கக் கொடுக்கும் கால அவகாசமும் கேட்கும் வசதிகளும் சமத்துவத்தின் பகுதி என்றுதான் எழுதினார்கள். கணினி இல்லாத பிள்ளைக்குப் பத்து நாள் அவகாசம் சமத்துவ மீறல் என்றால், பணமும் வழிகாட்டியும் இல்லாத பிள்ளைக்கு அக்டோபர் கெடுவும் நாலாயிரம் ரூபாயும் என்ன? சட்டப்படி இரண்டும் ஒரே தராசில் நிற்குமா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். தர்க்கப்படி இரண்டுக்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

மொழி பற்றிய வாதத்தையும் தொட்டாக வேண்டும். சட்டத்தின் மொழி ஆங்கிலம், அதனால் ஆங்கிலத்தில்தான் தேர்வு என்கிறார்கள். உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் அது பொருந்தலாம். பெரும்பாலான மக்கள் நீதியைத் தேடிப் படியேறும் கீழமை நீதிமன்றங்களில், 1976-ன் ஆட்சிமொழிச் சட்டத் திருத்தத்தைத் தொடர்ந்து, தமிழுக்கு இடம் இருக்கிறது. சட்டம் படித்து முடித்தவர்கள் எழுதும் அகில இந்திய பார் தேர்வையே தமிழில் எழுதலாம். வழக்கறிஞராகும் தேர்வைத் தமிழில் எழுதலாம், சட்டம் படிக்கப் போகும் தேர்வைத் தமிழில் எழுதக் கூடாது என்பதற்கு விளக்கம் எது? 2023-ல் மாநில மொழிகளிலும் க்ளாட் நடத்தக் கோரி டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, உடனடியாக இயலாது என்பதே கூட்டமைப்பின் பதிலாக இருந்தது. பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-ல் தொடங்கிய ஐ.டி.ஐ.ஏ. அமைப்பு, சட்டப் பல்கலைக்கழகங்களுக்குள் யார் இருக்கிறார்கள் என்று 2018-19-ல் கணக்கெடுத்தது. அதில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஆங்கில வழிப் பள்ளிகளில் படித்தவர்கள். ஏழைப் பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பயிற்சி கொடுத்துத் தேர்வெழுத வைப்பது அந்த அமைப்பின் பணி. பஷீர் 2019-ல் மறைந்தார். அவர் தொடங்கிய வேலை இன்னும் நடக்கிறது. ஆனால் ஒரு பொதுத் தேர்வு செய்ய வேண்டியதைத் தன்னார்வலர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதை நாம் பெருமையாக மட்டும் பார்க்கக் கூடாது.

‘இந்த ஆண்டு தவறினால் அடுத்த ஆண்டு எழுதலாமே, வயது வரம்புதான் இல்லையே’ என்பது மிச்சமிருக்கும் சமாதானம். சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து படிக்க வசதி இருந்தவர்கள். கிராமத்தில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண் ஓராண்டு வீட்டில் இருந்தால் அந்த வீட்டில் என்ன பேச்சு எழும் என்பது நமக்குத் தெரியாததா? மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள். இல்லையென்றால் பின்னலாடைக் கம்பெனி வேன் வாசலுக்கு வரும். பையனாக இருந்தால் வேலைக்குப் போவான். அவர்களுக்கு அந்த ஓராண்டு திரும்பக் கிடைக்காது. ஜே.இ.இ. மெயின் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. ஒன்றில் தவறினால் மூன்று மாதத்தில் மற்றொன்று. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் ஆண்டுக்குப் பல முறை நடக்கிறது. வசதியற்றவர்களுக்குக் கட்டண விலக்கும் உண்டு. காசு வாங்கியே எல்லாம் நடக்கும் நாடு என்று நாம் சொல்லும் அமெரிக்காவில், ஏழை மாணவரிடம் காசு வாங்காமல் தேர்வெழுத வைக்க வழி கண்டிருக்கிறார்கள். சமூக நீதியைப் பாடமாக நடத்தும் நம் பல்கலைக்கழகங்களுக்கு அந்த வழி தெரியவில்லை.

விழிப்புணர்வை வளர்ப்பதே மருந்து என்று இன்னமும் நம்புபவர்கள், அதைத் தனியே செய்து பார்த்தால் என்ன ஆகும் என்று யோசிக்கட்டும். ஜூலையில் ஒரு வழக்கறிஞர் ஓர் அரசுப் பள்ளிக்குப் போய் ஒரு மணி நேரம் அருமையாகப் பேசுகிறார். நாற்பது பிள்ளைகள் கண் விரியக் கேட்கிறார்கள். பத்துப் பேர் எழுந்து, “எப்படி சார் சேரணும்?” என்று கேட்கிறார்கள். அவர் தேதியையும் கட்டணத்தையும் சொல்லிவிட்டுப் போகிறார். அக்டோபர் முடிவில் அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேர் விண்ணப்பித்திருப்பார்கள்? தெரிந்த பிறகும் போக முடியாமல் நிற்பது தெரியாமல் இருப்பதைவிட வேதனை. நம் மாநிலத்தின் மாதிரிப் பள்ளிகள் இந்த உண்மையைப் புரிந்துகொண்டிருக்கின்றன. உயர்கல்வி நுழைவுத் தேர்வுகளுக்கு அங்கே பயிற்சியோடு நிற்பதில்லை. விண்ணப்பிப்பதிலும் ஆசிரியர்கள் பிள்ளைகளோடு உட்காருகிறார்கள். ஆனால் அவை மாவட்டத்துக்கு ஒன்று. மற்ற மேல்நிலைப் பள்ளிகளில் அந்த வேலைக்கு ஆள் இல்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டால், கடினமான எதையும் நான் கேட்கவில்லை. தேர்வை மே மாதத்துக்குத் திருப்புங்கள். பன்னிரண்டு ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது, பல்கலைக்கழகங்கள் நன்றாகவே இயங்கின. அது முடியாதென்றால், டிசம்பரோடு இன்னொரு தேர்வைக் கோடையில் நடத்துங்கள். 2022-ல் ஒரே ஆண்டில் இரண்டு நடத்திக் காட்டியவர்கள் நீங்கள்தான். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் வறுமைக் கோட்டுக்குக் கீழிருப்பவர்களுக்கும் கட்டணமே வேண்டாம். பிற்படுத்தப்பட்டோருக்குக் குறையுங்கள். கலந்தாய்வுப் பணத்தைச் சேர்க்கை உறுதியான பிறகு வாங்குங்கள். எந்தச் சான்றிதழ் எங்கே செல்லும் என்பதை ஒரே பக்கத்தில், அந்தந்த மாநில மொழியில் எழுதி வெளியிடுங்கள்.

கூட்டமைப்பு இதற்கெல்லாம் காலம் எடுத்துக்கொள்ளும். தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. திருச்சி நவலூர் குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் நம் சட்டமன்றம் 2012-ல் இயற்றிய சட்டத்தால் வந்தது. அங்கே நம் மாநில மாணவர்களுக்கென்று தனி இடங்கள் இருக்கின்றன. அந்த இடங்களுக்கும் க்ளாட் வழியாகத்தான் போக வேண்டும். அதன் துணைவேந்தருக்குக் கூட்டமைப்பில் இருக்கை இருக்கிறது. தேதியையும் கட்டணத்தையும் அவர் அங்கே எழுப்ப வேண்டும். மாநில அரசு அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். அதுவரை, அரசுப் பள்ளிகளில் விரும்பும் ஒவ்வொரு பிளஸ் டூ மாணவருக்கும் விண்ணப்பக் கட்டணத்தை அரசே கட்டட்டும். ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சியின் சட்டப் பகுதியை மட்டுமாவது கோடையிலிருந்து எடுத்து ஆகஸ்டில், பதினோராம் வகுப்பையும் சேர்த்து நடத்தட்டும். செப்டம்பர் காலாண்டு விடுமுறைக்கு முன் ஒவ்வொரு கல்வி மாவட்டத்திலும் பள்ளியின் கணினி ஆய்வகத்தை இரண்டு நாள் திறந்துவைத்து, ஓர் ஆசிரியரும் ஒரு சட்டக் கல்லூரி மாணவரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிவத்தை நிரப்பட்டும். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் பிள்ளையின் நோட்டிலேயே எழுதப்படட்டும். தேர்வு நாளுக்கு மையத்துக்குப் போய்வரப் பேருந்தும், தொலைவிலிருந்து வருபவர்களுக்கு முந்தைய இரவு தங்க அரசு விடுதியில் இடமும் ஒதுக்கட்டும். அடுத்த விண்ணப்பக் காலம் திறப்பதற்குள் இதற்கான அரசாணை வர வேண்டும்.